இணைப்பு: இருபத்து மூன்று வசனங்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் இடது கண் நீங்கலாக. அதைப் பின்னால் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று போனில் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன், அத்தாட்சி கேட்கவில்லை.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் நீ அம்மாவிடம், "புத்தகம் உண்மைன்னு அந்தப் புத்தகமே சொன்னா அதுக்குப் பேரு அத்தாட்சி இல்லம்மா, விளம்பரம்" என்று சொன்னாய் அல்லவா, அதற்கு அம்மாவின் பதில் இது. அன்று போனை வைத்தவள், அதன்பின் நீ கூப்பிடும்போதெல்லாம் கை ஈரமாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான்கு மாதமாக எந்தக் கையும் ஈரமாக இருக்காது என்று எனக்கும் தெரியும், ஆனால் கேட்கத் தைரியம் வரவில்லை. போன வாரம் என்னை உட்காரவைத்து, வேதத்தை நம்பாதவளுக்கு வேதத்திலிருந்தே ஆதாரம் எழுதச் சொன்னாள். முப்பத்தாறு வருடம் பதிவு அலுவலகத்தில் சரிபார்ப்புப் பிரிவில் இருந்தவனுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று உனக்குப் புரியும். தன் பிறந்த தேதிக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வருபவரை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம், தொடர்பில்லாத இன்னொரு ஆவணம் கட்டாயம் வேண்டும். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கலாம்தான். கல்யாணமாகி நாற்பத்தோரு வருடம் சொல்லாததை இப்போது எந்த முகத்தோடு சொல்வது.

எழுதியதை முதலில் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் காட்டினேன், அவரும் உன் கட்சிதான். கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டார். "என் கடைப் பலகையில கைதேர்ந்த தையல்காரர்னு எழுதினதே நான்தான் சார். அதைப் படிச்சிட்டா பேன்ட் தைக்கக் குடுத்தீங்க? முன்னாடி தைச்சது கிழியலைன்னுதானே திரும்பி வந்தீங்க?" தாளை மடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

இனி என் தவறு. அம்மா மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வசனத்தையும் புத்தகத்தில் தேடி ஒப்பிட்டேன். கையில் பென்சில் இருந்தது. பழைய பழக்கம், என்னை அறியாமல் பதினோராவது வசனத்தின் ஓரத்தில் 'ஆதாரம் போதாது, மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுதிச் சுருக்கொப்பமும் போட்டுவிட்டேன். பொடி எழுத்துத் தெரியாத அம்மா கண்ணுக்கு அது மட்டும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. "கடவுள்கிட்டயே மறுபடி எழுதிக்கிட்டு வான்னு சொன்ன ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். பொண்ணு எங்கேயிருந்து கத்துக்கிட்டான்னு இப்பதானே புரியுது" என்றாள். ஆக இப்போது உன் மேலும் என் மேலும் ஒரே வழக்கு.

தண்டனையாக, புத்தகம் முழுவதும் பார்த்து, நான் பென்சிலால் குறித்ததையெல்லாம் அழிக்கச் சொன்னாள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அவள் ஆதாரம் என்று சொன்ன இருபத்து மூன்று வசனங்களும் உள்ள பக்கங்கள் அநேகமாகப் புதிதாகவே இருக்கின்றன. ஒரே ஒரு பக்கம் மட்டும் ஓரம் கறுத்து, விரல் பட்டு விரல் பட்டு எழுத்தே மங்கிப் போயிருக்கிறது. தூரத்தில் இருக்கும் பிள்ளையைக் காக்கச் சொல்லும் நான்கு வரி வேண்டுதல். அது பட்டியலில் இல்லை. இதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். "அது ஒண்ணும் அத்தாட்சி இல்ல. அது என் சொந்த விஷயம், நீங்க அழிக்கிறதை அழிங்க" என்றாள். அந்தக் கண்ணால் அவள் அந்த வரிகளைப் படித்து ஆறு மாதமாவது இருக்கும், வெறுமனே தொட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

கண்ணில் புரை, பதினாறாம் தேதி அறுவை சிகிச்சை. சிறியதுதான் என்கிறார் டாக்டர். உனக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. "பயந்துபோய்ப் பண்ற போன் எனக்கு வேண்டாம்" என்கிறாள். முதல்முறையாக அவள் பேச்சை மீறுகிறேன்.

கடவுள் உண்டா என்பதற்கு அந்தப் புத்தகம் சாட்சியாகுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்கு உன் மேல் கோபமில்லை என்பதற்கு அந்த ஒரு பக்கம் சாட்சி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் விதிப்படி இன்னொரு ஆவணம் வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடு. நான் தையல்காரர் கடைக்குப் போய்விடுவேன், வீட்டில் போனை எடுக்க வேறு ஆள் இருக்காது. அம்மா கேட்டால் இருபத்து மூன்றையும் படித்தேன் என்று சொல், அது பொய்யாகாமல் இருக்கப் படித்தும் விடு.

அம்மாவின் கடவுள், இருந்தால், உங்கள் இருவரையும் காக்கட்டும். ஒருவேளை இல்லாவிட்டால் நீயே பார்த்துக்கொள், குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
ஆசிகளுடன்
உன் அப்பா

பி.கு: மற்ற பென்சில் குறிப்புகளையெல்லாம் அழித்துவிட்டேன். அந்தக் கறுத்த பக்கத்தில் மட்டும் ஒன்று புதிதாக எழுதினேன், மிகச் சிறிய எழுத்தில்: 'சரிபார்க்கப்பட்டது'. கண் சரியானதும் அம்மா பார்த்துவிடுவாள். அதற்குள் நீ கூப்பிட்டிருந்தால் நல்லது.