சுப்பராயலு சாரின் பக்கத்தை நீக்கும் முன்

பாகூர்,
ஞாயிறு காலை

அன்பு மகள் வெண்ணிலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. டென்மார்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மூலநாதர் கோயிலில் அர்ச்சனை வைத்தேன். ஏரி நிரம்பிவிட்டது, பாத்திரக்கடையில் வியாபாரம் சுமார். போனில் பேசினால் நீ பாதியிலேயே விதி, ஆதாரம் என்று ஆரம்பித்துவிடுகிறாய், எனக்குக் கோபம் வந்து வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடுதாசி. முழுசாகப் படி.

முதலில் உங்கப்பா செய்த கூத்து. அவருடைய சிநேகிதர் சுப்பராயலு சார், கொம்யூன் பஞ்சாயத்தில் கிளார்க்காக இருந்தவர், முப்பது வருஷத்துக்கு முன்னால் ‘மூன்றாவது மதகு’ என்று ஒரே ஒரு நாவல் போட்டாரே, அவரைப் பற்றி நீ ராத்திரியெல்லாம் உட்கார்ந்து திருத்துகிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு மாசம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு பக்கம் எழுதினார். குடம் வாங்க வந்தவர்கள் கூப்பிட்டால் காதில் விழாது. அதோடு விட்டாரா? கலைக்களஞ்சியத்தில் இடம்பிடித்த பாகூரின் எழுத்துச் சுடரே என்று பஸ் ஸ்டாண்டு எதிரில் பத்துக்கு எட்டில் ஒரு பேனர். அதில் சுப்பராயலு சார் படம் சின்னது, வாழ்த்துகிற உங்கப்பா படம் பெரிது! உங்கள் ஆட்கள் ஆதாரம் கேட்டதும் அந்தப் பேனரையே போட்டோ எடுத்து ஆதாரமாக ஏற்றிவிட்டாராம். இந்த மனுஷனோடு முப்பத்து மூன்று வருஷம் குடித்தனம் பண்ணியதற்கு எனக்குத்தான் பக்கம் போட வேண்டும்.

சரி, அவர் அப்படி. ஏண்டி, நீ? அத்தனை ஆயிரம் பக்கத்தில் நீக்கச் சொல்லி அறிவிப்பு வைக்க உனக்கு இதுதான் கிடைத்ததா? வேண்டியவர் என்பதால்தான் கண்டிப்பாக இருந்தேன் என்கிறாய். நியாயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உன் பேரை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுகிறார். பத்து நாளாக வீடியோ காலில் அவரைக் காணோமே, வேலையென்று நான் சொன்னது பொய்.

உங்கள் இரண்டு பேர் சண்டையில் சுப்பராயலு சாரை யாராவது நினைத்தீர்களா? அவர் பால் வாங்கப் போவதென்றால் அந்தப் பேனரைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்னா சார், உன்னத் தூக்கப் போறாங்களாமே என்று டீக்கடையில் கேலி பண்ணுகிறார்களாம். வியாழக்கிழமை கடைக்கு வந்தார், அப்பா இல்லை. நீங்கள் விவாதிக்கிற இடத்தை என் போனில் காட்டச் சொல்லி ஒரு வரி விடாமல் படித்தார். ஐந்து பேர் நீக்கலாம், உங்கப்பா ஒருத்தர் மட்டும் கூடாது. வெச்சாலும் சரி எடுத்தாலும் சரிம்மா, இதுல ஒருத்தராவது அந்த பொஸ்தகத்தப் படிச்சாங்களாமா என்று கேட்டார். உங்கப்பாவே படித்ததில்லை வெண்ணிலா, பின்னட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்! நானும்தான் படிக்கவில்லை. சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி அலமாரியில் இத்தனை வருஷம் சும்மா கிடந்தது.

வெட்கம் தாங்காமல் இரண்டு மத்தியானத்தில் படித்து முடித்தேன். முதல் நாற்பது பக்கம் ஏரி, மதகு, மதகு, ஏரி என்று உயிரை வாங்குகிறார். அப்புறம் ஓர் இடம். மகளைத் தூரதேசத்துக்குக் கப்பலேற்றிவிட்டு வந்த ஒருத்தர், காலையில் தூர்வாரி முடித்த வாய்க்காலிலேயே மறுபடி இறங்கி, பொழுது சாயும்வரை தூர்வாருகிறார். நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப் போன அன்று உங்கப்பா கடையிலிருந்த அத்தனை சொம்பையும் இறக்கித் துடைத்துத் துடைத்து மறுபடி அடுக்கினார். உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அதற்கு மேல் படிக்க முடியாமல் கல்லாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நல்ல நாவலா என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. பேனரை நேற்று ஆள் வைத்துக் கழற்றிவிட்டேன், இப்போது அப்பா என்னோடும் பேசுவதில்லை, போகட்டும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். மாசக் கடைசியில் முடிவு என்றாயே, அதற்குள் வந்து சேர்கிற மாதிரி அந்தப் பிரதியையும் இதோடு கூரியரில் அனுப்புகிறேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம்தான். படித்துவிட்டு நீக்கு. ஒருத்தி படித்துவிட்டுத்தான் நீக்கினாள் என்றாவது அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா
புவனேஸ்வரி