சுவரில் என் போட்டோ

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் கடைவாய்ப் பல் இன்னும் குடைகிறதா? தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போ.

இங்கே ஒரு சின்ன விஷயம், பதறாதே. போன வாரம் பதினோராவது மாடியில், தொங்கும் மேடையில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கண்ணாடிக்கு இடுப்புக் கயிறு எட்டவில்லை. கொக்கியைக் கழற்றிவிட்டு எட்டித் துடைத்துவிட்டேன். இறங்கியதும் சூப்பர்வைசர் கைதட்டி, "டேரிங்!" என்றார். மறுநாள் அந்த வார்த்தையை எழுதி, அதன் கீழே என் போட்டோவை ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டார்.

எனக்கு என்னவோ உறுத்தியது. அறையில் உடன் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் அர்த்தம் கேட்டேன்.

"துணிச்சல்னு அர்த்தம். ஆனா அந்தாளு அதை யாருகிட்ட சொல்றாருன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். எனக்கு முன்னால் அந்தச் சுவரில் இருந்தவர் இப்போது காலில் கட்டோடு படுத்திருக்கிறார். சூப்பர்வைசர் தன்னை ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. மொட்டைமாடிக்கு வந்தாலே இரண்டு கொக்கி மாட்டிக்கொள்வார். நான் நீளக் கயிறு கேட்டால் மட்டும், "நீதான் டேரிங் ஆளாச்சே, உனக்கெதுக்குய்யா?" என்கிறார்.

நேற்று, "நான் பயந்தாங்கொள்ளி சார். கயிறு வந்தாதான் ஏறுவேன்" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டேன். மதியம் கயிறு வந்தது. சாயங்காலம் என் போட்டோ போய்விட்டது.

நீயும் பாப்பாவும் இருக்கிற போட்டோ ஒன்று பெரிதாக அனுப்பு. என் கட்டிலுக்கு மேல் ஓர் ஆணி சும்மா இருக்கிறது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. பாப்பாவிடம் அப்பா தைரியசாலி என்று சொல்லிவைக்காதே. பயந்தாங்கொள்ளி, அதனால் முழுசாக வீடு வந்து சேருவார் என்று சொல்.

பாப்பாவின் அப்பா