முளைப்பாரி ஆகிவிட்ட தக்காளி நாற்று

ஜூலை 22, இரவு 9.50. குழித்தட்டில் தக்காளி நாற்று 93. நிமிர்ந்து நிற்பது ஒன்றுகூட இல்லை.

வேலை விஷயமாக மூன்று நாள் அரியலூரில் இருந்துவிட்டு சாயங்காலம்தான் பெரம்பலூர் திரும்பினேன். பின்னறை இருட்டாக இருந்தது. நாற்றுக்கு மேலே நான் கட்டித் தொங்கவிட்ட எல்இடி லைட்டின் பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலில் போர்வை போட்டு மறைத்திருந்தார்கள். நாற்றெல்லாம் வெளுத்து, நூல் மாதிரி நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. தட்டுக்குக் குங்குமம் வேறு.

கத்திவிட்டேன். வீட்டில் என்னோடு இருக்கிற, நாற்று நட்டே பழகிய அத்தை அசரவே இல்லை.

"நான்தான்டா புடுங்குனேன். ராவும் பகலும் வெளிச்சம் அடிச்சா பயிரு எப்படி வரும்? முளைப்பாரியெல்லாம் இருட்டுலதான வளக்குறோம்? பாரு, என்னா உசரம்! பக்கத்து வூட்டுக்காரங்க வந்து கும்புட்டுட்டே போனாங்க."

"முளைப்பாரியை ஏரியில கரைச்சிடுவீங்க அத்தை. இது காய்க்கணும்."

"அதை ஊருக்குப் போறப்ப சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

போர்வையை உருவிவிட்டு, பிளக்கைத் திரும்பச் சொருகினேன்.

ஆண்டிமடத்து விவசாயி பத்து நாளில் நாற்றைப் பார்க்க வருகிறார். என் முதல் ஆர்டர். நல்லவேளை, தக்காளித் தண்டை மண்ணில் புதைத்தால் அதிலிருந்தே வேர் விடும்.

நாளைக்கு:

1. லைட்டை நாற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு இறக்கணும். தினமும் பதினாறு மணி நேரம் எரியணும்.
2. எல்லா நாற்றையும் பெரிய கப்பில், இலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ஆழமாக நடணும்.
3. அதற்கு முன்னால் அத்தையிடம் மன்னிப்பு கேட்கணும். சாப்பிட்டதும் நானே நாலு நட்டுப் பார்த்தேன். மூன்று ஒடிந்துவிட்டது.