ஒருமுறை மட்டும்

பிப்ரவரி 9

அன்பு வாலுவுக்கு,

இங்கே பாதி நலம். அந்தப் பாதி நான். மீதியைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போனில் நீ கூப்பிட்டால் உன் அம்மா, "நல்லா இருக்கேன், சாப்ட்டியா?" என்பதோடு கடையைக் கட்டிவிடுகிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் புத்தகம் வந்தது. 'வீட்டிலேயே தொடங்கலாம்'. அட்டையில் உன் பெயரை உன் அம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மை ஒட்டலையே, நல்ல அச்சுதான்" என்றாள். அதுதான் அவளுடைய பாராட்டு விழா. மறுநாளே வீட்டில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. துணி துவைத்த தண்ணீர் கழிவறைக்கு, காய்கறித் தோல் பால்கனியில் இருக்கும் உர டிரம்முக்கு. கடைக்குத் துணிப்பை இல்லாமல் போனால் என்னைத் திருப்பி அனுப்புகிறாள். காலமெல்லாம் பஸ் ஓட்டி டீசலில் ஊறியவன் நான். இந்த வயதில் என்னைத் திருத்த இரண்டு பெண்கள். டிரம்தான் கொஞ்சம் நாறுகிறது. கீழ்வீட்டுத் தையல்காரர் ஜன்னலை மூடியே வைத்திருக்கிறார்.

இப்போது மீதிப் பாதி. உன் அம்மாவின் சிறுநீரகம் இனி தன் வேலையைச் செய்யாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயிற்றில் ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். அது வழியாக ஒரு பை மருந்துநீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியே எடுக்க வேண்டும். தினமும், பல தடவை, வீட்டிலேயே. ஒவ்வொரு தடவையும் புதுப் பை, புது இணைப்புக் குழாய், குழாயின் நுனிக்குப் புது மூடி. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். காலி பைகளைக் குப்பையில் போடும்போது உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "இதை என்ன பண்றதுன்னு வாலு எழுதியிருக்காளா, பாருங்க" என்கிறாள். நான் முழுப் புத்தகத்தையும் புரட்டிவிட்டேன், இல்லை.

எப்போது வருகிறாய்? நான் கேட்கவில்லை, அவள் கேட்கிறாள். (நானும் கேட்கிறேன்.)

அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு, என் செல்ல அம்மாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டிரம் நாறுகிறதென்றால் ஈரம் அதிகம். அந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்துத் தோலோடு கலந்து போடுங்கள், நாற்றம் போய்விடும். தையல்காரரும் ஜன்னலைத் திறப்பார்.

அம்மா, உங்கள் மருந்துப் பைகள் இந்தக் கணக்கிலேயே வராது. அது உயிர் விஷயம். அதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

வருவதைப் பற்றி. அப்பா, உங்களுக்குத் தெரியும், போன வருடம் இங்கே எங்கள் சுற்றுச்சூழல் குழுவில் விமானம் ஏறுவதில்லை என்று உறுதி எடுத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. அதைப் பார்த்துத்தான் அத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட. ஒரே ஒரு விமானப் பயணத்தின் புகை, நம் வீட்டில் நீங்கள் வருடக்கணக்கில் மிச்சம் பிடிப்பதை ஒரு நாளில் விழுங்கிவிடும். அதைத்தான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரயிலும் கப்பலுமாக வந்தால் போக வர என் விடுப்பு முழுதும் வழியிலேயே தீர்ந்துவிடும். அடுத்த வருடம் நீண்ட விடுப்பு கிடைக்கும். அப்போது நிதானமாக வந்து, அம்மா மடியிலேயே கிடக்கிறேன்.

கோபப்படாதீர்கள்.

உங்கள் வாலு


ஏப்ரல் 11

அன்பு வாலுவுக்கு,

கோபமெல்லாம் இல்லை. வண்டி கிளம்பிய பிறகு கையைக் காட்டி ஓடி வருபவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இப்போது நான் கை காட்டுகிறேன், அவ்வளவுதான்.

அட்டை வேலை செய்தது. நாற்றம் போச்சு. மிச்சப் பெட்டிகளில் உன் அம்மா நாற்று போட்டிருக்கிறாள். காலி மருந்துப் பைகளைக் கழுவி, வெட்டி, தையல்காரரிடம் கொடுத்து என் சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்து வாங்கிவிட்டாள். மழைக்கு நல்லது, ஆனால் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். வெயில் தொடங்கிவிட்டது, வீடு அனலாக இருக்கிறது. போன வாரம் கடையிலிருந்து வந்து பார்த்தால் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு. நான்தான் நிறுத்தினேன்."

"ஏன், பைத்தியமா உனக்கு?"

"வாலு வர்றதுக்கு ஆகுற செலவை நாம இங்க மிச்சம் பிடிச்சுட்டா சரியாப் போயிடும்ல? அவ பேச்சும் கெடாது. நீங்களும் கொஞ்சம் மிச்சம் பண்ணுங்க."

போட்டேன் விசிறியை. நான் அந்தப் பக்கம் போனதும் நிறுத்திவிட்டாள். கடைசியில் நானும் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் வீசிவிட்டேன். சிரித்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

அவள் சொல்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? இருந்தால் எழுது. எவ்வளவு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றாலும் பிடித்துவிடுகிறோம்.

அப்பா


ஏப்ரல் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் விசிறியைப் போடுங்கள். அம்மாவை மிரட்டியாவது போடுங்கள். இது அப்படிச் சேர்த்துவைத்துக் கழிக்கிற கணக்கு இல்லை. வானத்தில் போன புகை போனதுதான். நீங்கள் அங்கே வியர்த்தால் அது இறங்கி வராது.

ஆனால் அப்பா, அம்மா சொன்னதைப் படித்துவிட்டு நான் அழுதேன். போன ஞாயிறு கூட்டத்தில் அதைச் சொன்னேன். நோயாளியான என் அம்மா, என்னைப் பார்ப்பதற்காக விசிறியை நிறுத்துகிறார் என்று. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் பெட்டி நாற்றுகளைப் படம் எடுத்து அனுப்புங்கள். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் போடுகிறோம். 'ஒருமுறை மட்டும் என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். கழுவுங்கள், கொதிக்கவையுங்கள், மறுபடி பயன்படுத்துங்கள்' என்று ஒரு பக்கம் சேர்த்திருக்கிறோம். பாட்டில், டப்பா, உறை எல்லாவற்றுக்கும். அச்சுக்குப் போகும் முன் எடுத்த மாதிரிப் பிரதி ஒன்று அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் காட்டுங்கள், அது அவருடைய பக்கம்தான் என்று சொல்லுங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 17, ஆஸ்பத்திரி

வாலு,

போனில், "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டாய். உன் அம்மா பக்கத்தில் கண்மூடிக் கிடந்தாள். அவள் காதில் விழ எப்படிச் சொல்வேன்? இங்கே எழுதுகிறேன். மாடிவீட்டு டீச்சர் இதைப் படம் எடுத்து இன்றே உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்று நாளாக வயிற்று வலி என்றாள். சூட்டு வலி என்று அவளே சொல்லிக்கொண்டாள். நேற்றுக் காலை வெளியே எடுத்த நீர் கலங்கலாக இருந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். வயிற்றுக்குள் கிருமி பரவிவிட்டதாம்.

நர்ஸ் பெண் என்னைத் துருவித் துருவிக் கேட்டாள். கை கழுவினோமா, ஜன்னலை மூடினோமா, புது மூடி போட்டோமா என்று. எல்லாம் சரியாகத்தான் செய்தோம் என்று சத்தியம் செய்தேன். அப்போது உன் அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"மூடிய நான் மாத்தல. வெந்நீர்ல போட்டு எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"எத்தனை நாளாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"புதுப் புத்தகம் வந்ததுலேர்ந்து."

அந்த மூடிக்குள் மருந்து தடவியிருக்கும். கொதிக்கவைத்தால் அது போய்விடும். உறையிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது, ஒருமுறை மட்டும் என்று. நர்ஸ் பெண் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் திட்டாமல் வெளியே போய்விட்டாள்.

இனி வயிற்று வழியாகச் செய்ய முடியாது. ஆஸ்பத்திரி இயந்திரத்தில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதை இவள் இருதயம் தாங்குமா என்று தெரியவில்லை என்கிறார் டாக்டர்.

மூடி விஷயத்தை உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்குக் கேட்டாள். கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரயில் வேண்டாம் வாலு. ஏறி வா.

அப்பா


ஜூலை 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்றுத்தான் என் அறைக்கு வந்து சேர்ந்தேன். பூட்டைத் திறந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எல்லாம் முடிந்த மறுநாளே உங்களைத் தனியாக விட்டுவிட்டு நான் கிளம்பியது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வாசலில் நின்று, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்" என்றீர்கள். நான் பையைத் தூக்கினேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். அம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"எதுல வந்தே?"

"ரயில்லதாம்மா வந்தேன்."

"பொய் சொல்லாத. நேத்துதானே உனக்குத் தகவலே வந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை அப்படிச் சுட்டது. "என்னால உன் பேச்சு கெட்டுப்போச்சே" என்றார். இல்லைம்மா, இல்லைம்மா என்று எத்தனை தடவை சொன்னேனோ. அவர் காதில் ஏறவில்லை. அப்புறம், "திரும்பிப் போறப்பவாவது ரயில்ல போ" என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை, உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் அப்பா. ரயிலும் கப்பலுமாகப் போவதென்றால் அன்றே கிளம்பினால்தான் விடுப்பு தீர்வதற்குள் வந்து சேர முடியும் என்று கிளம்பிவிட்டேன். வழி முழுக்க நான் தூங்கவில்லை.

இன்று காலை குழுவினரைப் பார்த்து, நான் உறுதியை மீறிவிட்டேன், விலகிக்கொள்கிறேன் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா போகத்தானே வேணும்? அதுக்கு யாரு உன்னைத் தப்பு சொல்லுவா?" என்றார்கள். தேநீர் ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அப்படியென்றால் நான் பிப்ரவரியிலேயே வந்திருக்கலாம். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கேட்கவே இல்லை அப்பா.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் புத்தகம்தான் அம்மாவைக் கொண்டுபோனதா? ஆமாம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

உங்கள் வாலு


ஆகஸ்ட் 14

வாலுவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஒரே வார்த்தையில், இல்லை என்று எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். உன்னைத் தூக்கி வளர்த்தவனால் அந்த ஒரு வார்த்தையை உனக்குக் கொடுக்க முடியாதா? எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். என் கையெழுத்தே எனக்குப் பொய்யாகத் தெரிந்தது. ஆமாம் என்று எழுதவும் மனசில்லை. நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லையே. பாட்டிலுக்கு எழுதினாய், அவள் மூடிக்கு எடுத்துக்கொண்டாள். நான் கூடவே இருந்தேன், எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. அவள் உன்னை ரயிலில் போகச் சொன்னாள், நீ போனாய். அவள் பேச்சைக் காப்பாற்றிவிட்டாய். நான் சொன்னதும் ஒரு பேச்சுத்தான். இரண்டு நாள் என்றேன். வெறும் வீட்டில் ஒரு ஆளாக நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியாது வாலு, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நீ தெருமுனையில் திரும்பும் வரை பார்த்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டைக் காலி செய்கிறேன். என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் ஒரு அறையில் தனியாக இருக்கிறான், வரச் சொல்கிறான். அவனுக்குக் காது கேட்காது, எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. பொருந்தும். மருந்துக் கம்பெனிக்காரர்கள் பிரிக்காத பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். புது விலாசத்தைப் பிறகு எழுதுகிறேன்.

அப்பா


டிசம்பர் 5

அன்புள்ள அப்பாவுக்கு,

விலாசம் வரவில்லை. நீங்கள் போனையும் எடுப்பதில்லை. பழைய வீட்டுக்கு அனுப்பிய கடிதங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. மாடிவீட்டு டீச்சருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் ஒரு பெட்டியோடு ஆட்டோவில் ஏறிப் போனீர்களாம், அவ்வளவுதான் சொல்கிறார். அதனால் இதை உங்கள் பழைய பஸ் டிப்போவுக்கு அனுப்புகிறேன். ஓய்வூதிய விஷயமாக வரும்போது யாராவது உங்கள் கையில் கொடுக்க மாட்டார்களா?

பழைய வேலையை விட்டுவிட்டேன். இப்போது நாள்கூலிக்கு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு நன்றாக விற்கிறதாம். அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லி எழுதினேன், மருத்துவப் பொருள்களுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்ப்பதாகச் சொன்னார்கள். இன்னும் அச்சாகவில்லை.

உங்களிடம் கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதில் வேண்டாம். என்னை மன்னித்துவிட்டதாகவும் எழுத வேண்டாம். எனக்கு இப்போது நாள் கணக்கில்லாமல் விடுப்பு இருக்கிறது, பயணச் சீட்டுக்குப் பணமும் வைத்திருக்கிறேன். எங்கே வர வேண்டும் என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் வாலு