மேசைக்கு இரண்டு கட்சி

ஷேல் ரன், பென்சில்வேனியா
ஏப்ரல் 3, 2023

திருமதி கொரின் ஹாஸ் அவர்களுக்கு,

தாங்கள் எதிர்வீட்டில் இருந்தும் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். நேரில் வந்தால் குரல் உயரும்; தெரு கேட்கும்.

திருத்திய வாக்காளர் பட்டியல் முந்தாநாள் வந்தது. இத்தனை ஆண்டுகளாக ஜனநாயகக் கட்சி என்றிருந்த தங்கள் பெயருக்கு நேரே இப்போது குடியரசுக் கட்சி என்றிருக்கிறது. என் கட்சிக்கு நல்வரவு. அழைத்ததாக நினைவில்லை.

வாக்குச்சாவடி மேசையில் இரண்டு கட்சிக்கும் ஆள் இருந்தாக வேண்டும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே என் பக்கத்தில் இருபத்தாறு ஆண்டு உட்கார்ந்தவர் தாங்கள். ஊரில் தங்கள் பழைய கட்சிக்காரர் தங்களையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். அவர்களில் நாள் முழுவதும் உட்காரச் சம்மதித்தவர் தாங்கள் ஒருவர்தான். வேறு ஆள் கிடைக்காவிட்டால் தீயணைப்பு நிலையத்துச் சாவடியை மூடி, மலைக்கு அப்பால் பதினொரு மைல் தள்ளியிருக்கும் சாவடியோடு சேர்த்துவிடுவார்களாம். கார் ஓட்ட இயலாதவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

விளக்கம் தேவை.

ஐடெல்லா க்ராட்சர்


ஏப்ரல் 6

அன்புள்ள ஐடெல்லா,

"தாங்கள்" என்பதைப் பார்த்ததுமே கோபத்தின் அளவு தெரிந்தது. தபால்காரர் டெல்பர்ட், "எதிர்வீட்டுலேர்ந்து வந்திருக்கு. டீச்சரம்மாவுக்குக் கால் கீல் உடைஞ்சுபோச்சா?" என்றார். "கால் நல்லாத்தான் இருக்கு. வாய்க்குத்தான் ஓய்வு குடுத்திருக்காங்க" என்றேன்.

விளக்கம் இதுதான். நம் மாவட்டத்தில் நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு. மே மாதம் உன் கட்சி தனக்குள் யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவர்தான் ஆட்சிக்குழுவில் உட்காருவார். அந்தத் தேர்வில் உன் கட்சியில் பெயர் பதிந்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். நான் இதுவரை வாக்களித்ததெல்லாம் மே மாதமே தோற்றுப்போனவர்களுக்கு.

இந்த முறை உன் கட்சியில் போட்டியிடும் ராய்ஸ் டங்கெல், வென்றால் மாவட்ட முதியோர் இல்லத்தைத் தனியாருக்கு விற்கப்போகிறாராம். அங்கே படுத்திருக்கும் என் வால்ட்டருக்குக் கட்டிய மனைவி என் பெயரே மறந்துவிட்டது. அங்கிருக்கும் செவிலியின் பெயர் மட்டும் நினைவிருக்கிறது.

கொரின்


ஏப்ரல் 11

கொரின்,

இல்லம் ஆண்டுதோறும் நஷ்டத்தில் ஓடுகிறது, வரி ஏறுகிறது. டங்கெல் சொல்வது சரி. என் வாக்கு அவருக்கு, உன் வாக்கு அவருக்கு எதிராக. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மிஞ்சுவது பூட்டிய சாவடி. இதற்காகவா கட்சி மாறினாய்? திரும்பிப் போக மே முதல் தேதி வரை அவகாசம் இருக்கிறது.

ஐடெல்லா


ஏப்ரல் 14

அன்புள்ள ஐடெல்லா,

திரும்ப மாட்டேன்.

மற்றப் பதினெட்டுப் பேர் வீட்டுக்கும் போய்க் கேட்டுவிட்டேன். எர்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காலையில ஆறு மணியிலேர்ந்து ராத்திரி வரைக்கும் அந்த ஐடெல்லாகூடயா? நான் என்னடி பாவம் பண்ணேன்?" மற்றவர்கள் இதையே மரியாதையாகச் சொன்னார்கள்.

சாவடி மூடினால் ஊர் என்னைத்தான் ஏசும். ஏசட்டும். குடியரசுக் கட்சி காப்பிக் குடுவையைச் சுமந்து வருவதும், ஜனநாயகக் கட்சி ஆப்பிள் கேக் கொண்டுவருவதுமாக இத்தனை தேர்தல் போயிற்று. மே பதினாறு, வாக்குப்பதிவு அன்று நான் எங்கே போய் உட்காருவேன் என்றுதான் தெரியவில்லை.

கொரின்


ஏப்ரல் 28

அன்புள்ள கொரின்,

இன்று மாவட்ட அலுவலகத்துக்குப் போய் ஜனநாயகக் கட்சியில் பெயர் பதிந்துவிட்டு வந்தேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

என்னிடம் இலத்தீன் படித்த மார்வின்தான் அங்கே எழுத்தர்.

"டீச்சர், தப்பான கட்டத்துல டிக் போட்டிருக்கீங்க."

"என் கண்ணு நல்லாத்தான்டா இருக்கு. பதிஞ்சுக்கோ."

"வீட்டுல சொல்லிட்டீங்களா, டீச்சர்?"

"வீட்டுல பூனைதான் இருக்கு. அது எந்தக் கட்சின்னு இன்னும் எனக்கே சொல்லல."

மேசைக்கு வேண்டிய இரண்டு கட்சியும் ஆயிற்று. சாவடி திறக்கும். டங்கெலுக்கு இனி நான் வாக்களிக்க முடியாது. என் கைக்கு வரும் சீட்டில் ஒரே ஒரு பெயர். அந்த மனிதரும் வற்புறுத்தலுக்கு இணங்கி நிற்பவர் என்று கேள்வி. ஆக, உன் வாக்கைத் தின்ன ஆள் இல்லை.

இதை மனமாற்றம் என்று எண்ணிவிடாதே. டங்கெல் சொல்வது இப்போதும் சரிதான். ஊரார் வாக்களிக்க மலை ஏறி இறங்குவது அவர் என் வாக்கை இழப்பதைவிடப் பெரிய தவறு, அவ்வளவே. வால்ட்டரை இதில் இழுத்து எனக்கு நன்றி எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

காப்பி குடியரசுக் கட்சியின் பொறுப்பு. ஆகவே குடுவையை உன் வாசலில் வைத்துவிட்டேன். மூடி இறுகிப்போயிருக்கிறது, இடப்பக்கம் தட்டித் திற. கேக் இனி என் தலையில். எனக்கு அது கைவராது என்பது ஊரறிந்த செய்தி. செய்முறை வேண்டும். அதைத் தபாலில் போடாதே. தெருவைக் கடந்து வந்து சொல்லிக்கொடு.

ஐடெல்லா