சாட்சிக் கையெழுத்து போடாததற்குக் காரணம்

தெமோதரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் சஜீவனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, உன்னையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்குப் பூசையில் கேட்டுக்கொண்டேன். பத்து நாளாக விடாத மழை, ஹல்துமுல்லைப் பக்கம் மண் சரிந்து பஸ் ஓடவில்லையாம், நம் லயத்து வரிசை வீடுகளுக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பக்கத்துக் காம்பரா வீட்டு இராக்கம்மாவின் கூரைத் தகரத்தைக் காற்று தூக்கிப் போய்விட்டது, நான்தான் ஏறி ஆணி அடித்துக் கொடுத்தேன், இந்த வயதில் குரங்கு வேலை எதற்கு என்று அவளிடமே பேச்சும் வாங்கினேன். சோறு நானேதான் ஆக்குகிறேன், குழம்புதான் இன்னும் கைக்கு வரவில்லை. கடைசி வருஷப் பரீட்சை நெருங்குகிறது என்றாய், கணக்குப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடக்காதே. இப்படியே ஊர்க்கதை எழுதித் தாளை நிரப்பிவிடலாம் என்றுதான் ஆசை, ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்கல்ல.

நீ அனுப்பிய மனு வந்தது. தேயிலைத் தோட்டத்துக் கடிதங்கள் லயத்துக்கு வராமல் ஆபீசுக்கு வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பதால் எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் தவறிப் போயிருக்கிறது என்று நீங்கள் பிள்ளைகள் சேர்ந்து எழுதுவது நல்ல காரியம். அதில் நம் தபால்கார எட்வர்ட் மாமா உன் பல்கலைக்கழகக் கடிதத்தைப் பையிலேயே மறந்து வைத்ததால் பதிவு செய்யும் நாள் கடந்து, நீ மறுபடி பரீட்சை எழுத வேண்டி வந்ததையும் எழுதியிருக்கிறாய். ஆதாரம் இல்லாம ஒரு வரியும் எழுதக் கூடாதுன்னு கணக்காய்வுப் பாடத்தில சொல்லித் தந்திருக்காங்க, நீங்கதான் சாட்சி, கையெழுத்து வைங்கப்பா என்று கேட்டிருந்தாய். நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, நீ அப்பா என்று கூப்பிட்டால் நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

மகளே, எட்வர்ட் மாமா அந்தக் கடிதத்தை மறக்கவில்லை. வந்த அன்றைக்கே பெரட்டில் என் கையில் கொடுத்தார். புள்ளைக்கு கெம்பஸ் கெடச்சிருக்குப் போல, ஓடிப்போய்க் குடு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். உன் அம்மா றோசாலி கண்ணை மூடி அப்போது எட்டு மாதம். நீயும் கொழும்புக்குப் போய்விட்டால் வீட்டில் விளக்கு வைக்க, ஒரு வாய்ச் சோறு போட ஆளில்லையே என்று நினைத்தேன். வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை, இருந்தால் சொல்லியிருப்பேன். இன்றைக்குக் கொடுக்கலாம் நாளைக்குக் கொடுக்கலாம் என்று பன்னிரண்டு நாள் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நீ ஒவ்வொரு நாளும் கடிதம் வந்ததா என்று கேட்டாய், இல்லை என்றேன். நாள் கடந்த பிறகு, யாரும் பார்க்காதபோது அவர் தபால் பையில் சொருகிவிட்டேன்.

அதை அவர் எடுத்து உன்னிடம் நீட்டியபோது, ஒங்க புள்ளைக்குன்னா இப்பிடி வச்சிருப்பீங்களா மாமா என்று கொழுந்து எடுக்கிற அத்தனை பேர் முன்னாலும் நீ அழுதுகொண்டு கேட்டாய். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மன்னிச்சிக்கம்மா என்றார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், அவரைத் திட்டுவதற்கு. என் பங்குக்கு நானும் நாலு வார்த்தை கேட்டேன் மகளே. அடுத்த மாதம் அவர் வேலையை விட்டு நிற்கப் போகிறார், இருபத்தெட்டு வருஷம் பை சுமந்தவரின் பெயர் கடைசியில் உன் மனுவோடு தோட்டக் கம்பெனிக்குப் போக இருந்தது.

இன்றைக்குப் பூசை முடிந்து அவரைக் கோயில் படியில் பிடித்து உன் மனுவைப் பற்றிச் சொன்னேன். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். தாயும் போயி தகப்பனையும் வெறுத்துட்டா அந்தப் புள்ள எங்க போவும்னுதான் பேசாம இருந்துட்டேன் என்றார். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றும் சொன்னார், பேர வேணும்னா போடட்டும், எனக்கென்ன கொறஞ்சிறப் போவுது என்றார். நான் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக் காலைப் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சொல்லியிருப்பேன்.

அந்த மனுவை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். எட்வர்ட் மாமா பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதி, கீழே கையெழுத்தும் வைத்திருக்கிறேன். கூடப் படிக்கிறவர்கள் பார்த்தால் உனக்குத்தான் அவமானம், தெரியும், ஆனாலும் அதை மாற்றாதே.

உன் படிப்பும் கண்ணும் உடம்பும் நன்றாக இருக்க ஆண்டவர் துணை இருப்பார். அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, என்னுடையது வேண்டுமா என்பதை நீ சொல். எட்வர்ட் மாமாவுக்கு இரண்டு வரி எழுத மறக்காதே. லீவுக்கு வரும்போது ஸ்டேஷனுக்கு நான் வர மாட்டேன், அவரை வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு, அதற்குப் பிறகு மனம் இருந்தால் இங்கே வா. கதவு பூட்டியிருக்காது.

இப்படிக்கு,
உன் அப்பா என்று எழுதக் கூசுகிற
மரியசூசை.