குழம்பில் போன விதை அவரை

என் அருமை அக்கா,

ஓசூரில் குளிர் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர், அதாவது உங்கள் கொழுந்தனார், காலை ஷிஃப்டுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு போகிறார். நம் வீட்டுப் பின்பக்கத் தோட்டம் நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டு, நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

காலண்டர் அட்டைக்குப் பின்னால் நீங்கள் எழுதிவைத்த வரிசைப்படிதான் எல்லாம் போட்டேன். ஆடியில் கத்தரி, மிளகாய், வெண்டை. புரட்டாசியில் முள்ளங்கி, பீட்ரூட், கொத்தமல்லி. பாகலும் பீர்க்கும் குளிர் விட்ட பிறகு, மாசியில்தான் போடுவேன். அண்ணன் தம்பியைக் கட்டி ஒரே வீட்டுக்கு வந்த நாம் முதலில் சண்டை போட்டதே அந்தப் பாகலுக்காகத்தானே? ஊத்தங்கரைக்காரி நான் மார்கழியிலேயே ஊன்றிவிட்டு, முளைக்கவில்லை என்று விதை விற்றவரைத் திட்டினேன். "உங்க ஊரு வெயில பையில போட்டு எடுத்தாந்தியா? ஸ்வல்ப தாளும்மா" என்றீர்கள். தளிப் பக்கத்துக்காரியான உங்களுக்குக் 'கொஞ்சம் பொறு' என்பது கன்னடத்தில்தான் வரும்.

அட்டையில் அவரை மட்டும் இல்லை. உங்கள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து வருடா வருடம் எடுத்துவைத்த விதை. அதற்குக் குறிப்பு எதற்கு என்று விட்டிருப்பீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு, உங்களுக்குப் பிடித்த பிதுக்குப் பருப்புக் குழம்பு படைக்க வேண்டும் என்றார் மாமா, அதாவது உங்கள் வீட்டுக்காரர். மேல் தட்டு டப்பாவில் காய்ந்த அவரை இருந்தது. எங்கள் ஊரில் விதைக்கு என்றால் செம்மண் பூசிக் காயவைப்போம். இதில் நாலு வேப்பிலை மட்டும்தான். சமையலுக்கு வைத்தது என்று நினைத்துவிட்டேன். சொத்தையையும் சுருங்கியதையும் பொறுக்கிப் பின்னால் வீசினேன். மீதி முழுவதையும் ஊறவைத்து, தோலைப் பிதுக்கிக் குழம்பு வைத்தேன். மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அவ வச்ச மாதிரியே இருக்குதும்மா" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆடி பிறந்து விதையைத் தேடியபோதுதான் உறைத்தது. உங்கள் அண்ணிக்குப் போன் செய்தேன். அங்கே நிலத்தை விற்றாகிவிட்டது, அவரை போடுவதே இல்லையாம். சந்தையில் பாக்கெட் விதை வாங்கிப் போட்டு, அக்கா விதை என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்போதுதான் குப்பை மூலையில் மூன்று கொடிகளைப் பார்த்தேன். சொத்தை என்று நான் வீசியதில் முளைத்தவை! பந்தல் போட்டுவிட்டேன். ஆனால் ஐப்பசி வரை வெறும் இலைதான். "தழைதான் வருது. புடுங்கிட்டு முள்ளங்கியாவது போடு" என்றார் உங்கள் கொழுந்தனார். எனக்கும் கை துறுதுறுத்தது. உங்கள் கன்னடத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார்த்திகையில் பனி விழுந்த பிறகு பூ வந்தது.

நேற்று மாமா ஒரு காயைத் தடவிப் பார்த்து, "பிதுக்குப் பருப்பு வைக்கலாமாம்மா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். அவர் காயை விட்டுவிட்டுச் சொன்னார்:

"அன்னைக்கி நீ டப்பாவ எறக்கும்போதே பாத்தேன். வெத அவரைன்னு எனக்குத் தெரியும். அவளே இல்ல, வெத எதுக்குன்னு விட்டுட்டேன்."

இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் அக்கா? எங்கள் இரண்டு பேரில் யார் மேல் கோபப்படுவீர்கள்?

இன்று காலையில் மாமாவே பந்தலுக்கு இன்னொரு கம்பு நட்டார். "இந்த வருசம் ஒரு காயிகூட அடுப்புக்குப் போவக் கூடாது" என்று எல்லாருக்கும் உத்தரவு.

அத்தனையையும் கொடியிலேயே காயவிட்டு எடுப்பேன். உங்கள் வேப்பிலையும் போடுவேன், எங்கள் ஊர்ச் செம்மண்ணும் பூசுவேன். டப்பா மேல் 'விதை' என்று பெரிதாக எழுதி ஒட்டுவேன். அதனால் இந்த வருடம் படையலில் உங்களுக்குக்கூடக் குழம்பு கிடையாது.

ஸ்வல்ப தாளுங்கக்கா.

உங்களோடு ஒரே அடுப்பில் சமைத்த ஓரகத்தி,
மல்லிகா